முதல் கூரைக் கூடாரம் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம், காரிலேயே பயணித்து, போகும் இடத்தில் காரோடு தங்கிவருவதைப் பற்றிய கட்டுரைகள் நாளிதழ்களில் நிறைய வருகின்றன. அவற்றோடு வெளியாகும் படங்களில், காரின் கூரைமேல் விரிந்து நிற்கும் கூடாரம் தவறாமல் இடம்பெறுகிறது. அப்படியொரு படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் நானும் என் முதல் கூரைக் கூடாரத்தை வாங்கினேன். ஓராண்டு முடிவதற்குள் அதை விற்றுவிட்டு வேறொன்றுக்கு மாறினேன். அந்த ஓராண்டில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை, இப்போது முதன்முதலாக வாங்க நினைப்பவர்கள் படாமலே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டிருப்பதைப் பொறுத்தருள வேண்டும். சாலையில் செல்லும் பிறருடைய உயிரும் தொடர்புடைய செய்தி என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

கூடாரம் வாங்கச் செல்பவர்கள் அதில் எத்தனை பேர் படுக்கலாம், விரிக்க எத்தனை நிமிடம் ஆகும், மழை தாங்குமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்னால், வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, காரோடு வந்த உரிமையாளர் கையேட்டைப் புரட்டி, அதில் கூரைச் சுமையின் உச்ச வரம்பு என்று குறிப்பிட்டிருக்கும் எண்ணைத் தேடி எடுக்க வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு அந்த எண் 50 கிலோவுக்கும் 100 கிலோவுக்கும் இடையில் இருக்கும். 75 கிலோ என்பது பரவலாகக் காணப்படும் அளவு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கூரைமீது ஏற்றிச் செல்லக்கூடிய மொத்த எடை அது. கூடாரத்தின் எடை, அதைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் அல்லது கேரியரின் எடை, கூடாரத்துக்குள் மடித்து வைத்த போர்வை தலையணை, பக்கவாட்டில் கட்டிய நிழல் பந்தல் என எல்லாமும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்க வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. காரின் கூரைக்கு ஒரு வரம்பு இருப்பதுபோல், குறுக்குக் கம்பிகளுக்கும் அவற்றைச் செய்தவர் விதித்த வரம்பு ஒன்று இருக்கிறது. கூரையோடு வரும் பக்கத் தண்டவாளங்களுக்குத் தனி வரம்பு இருப்பதும் உண்டு. இவற்றுள் எது மிகக் குறைவானதோ அதுவே உங்கள் வரம்பு. கூரை 100 கிலோ தாங்கும் என்று கையேடு சொன்னாலும், கம்பிகள் 75 கிலோவுக்கே செய்யப்பட்டவை என்றால் 75 கிலோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பார்வைக்கு உறுதியாகத் தெரியும் பெரிய மேடை வகைக் கேரியர்கள் தாமே 20 முதல் 30 கிலோ வரை எடை கொண்டவை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கேரியரை உறுதியாக்க ஆக்க, கூடாரத்துக்கு மிஞ்சும் எடை குறைந்துகொண்டே போகிறது. கரடுமுரடான மண்பாதையில் செல்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்; அத்தகைய பாதைகளுக்குத் தங்கள் கேரியரின் வரம்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளும்படி சில தயாரிப்பாளர்களே எழுதித் தருகிறார்கள்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் சிறிய காரின் கூரை வரம்பு 75 கிலோ. நான் வாங்கிய மடிப்புக் கூடாரத்தின் எடை 63 கிலோ என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தது. குறுக்குக் கம்பிகள் 6 கிலோ. ஆக 69 கிலோ, வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தேன். முதல் நீண்ட பயணத்தில் ஒரு வளைவில் கார் வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்ந்ததும், பின்னிருக்கையில் இருந்தவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டதும் எனக்குள் சந்தேகத்தைக் கிளப்பின. திரும்பி வந்ததும் கூடாரத்தைக் கழற்றி, பகுதி பகுதியாக எடை போட்டுப் பார்த்தேன். அச்சிட்டிருந்த 63 கிலோவில் ஏணி சேரவில்லை, மெத்தையும் சேரவில்லை. ஏணி 6 கிலோ, மெத்தை 7 கிலோ. கம்பிகளோடு கூட்டினால் 82 கிலோ. போர்வைகளை இன்னும் சேர்க்கவே இல்லை. விற்றவரிடம் கேட்டபோது, துணைப்பொருள்களின் எடையைச் சேர்க்காமல் எழுதுவதே வழக்கம் என்று பதில் வந்தது. ஏணி இல்லாமல் ஏற முடியாத, மெத்தை இல்லாமல் படுக்க முடியாத ஒரு பொருளில் அவ்விரண்டும் எப்படித் துணைப்பொருள்களாகும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஏழு கிலோ கூடினால் என்ன ஆகிவிடும் என்று சிலர் நினைக்கக்கூடும். கூரையில் ஏறும் எடையை டிக்கியில் ஏறும் எடையோடு ஒப்பிடக் கூடாது என்பதைக் கணக்கு போட்டுப் பார்த்தபோதுதான் நானே முழுமையாக உணர்ந்தேன். ஆள்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதன் கூரைமேல், 165 செ.மீ. உயரத்தில், 82 கிலோவை வைத்தால் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 62 செ.மீ. உயரத்துக்கு ஏறிவிடுகிறது. இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண்ணை, ஒரு வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதற்கான அளவுகோலாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பயன்படுத்துகிறது; அந்த எண் குறையக் குறையக் கவிழும் வாய்ப்பு கூடுகிறது. சக்கர இடைவெளி 150 செ.மீ. என்றால், கூடாரம் இல்லாதபோது 1.36 ஆக இருந்த அந்த எண், கூடாரம் ஏறியதும் 1.21 ஆகக் குறைகிறது. தாழ்வான சிறிய கார் ஒன்று, உயரமான எஸ்யூவியின் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஆனால் அதன் சஸ்பென்ஷனும் டயர்களும் பிரேக்கும் அந்த உயரத்துக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. குறுக்கே ஏதேனும் வந்து ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்க நேரும் அந்த ஒரு நொடியில்தான் இந்த வேறுபாடு வெளிப்படும். மேலும், உலர்ந்த சாலையில் முழு பலத்தோடு பிரேக் போட்டால், கூரையிலுள்ள பொருள் தன் எடையின் முக்கால் பங்கு அளவு விசையோடு முன்னோக்கிப் பாயப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துபவை சில போல்ட்டுகள் மட்டுமே.

ஓடும்போது 75 கிலோதான் தாங்கும் கூரையில் இரண்டு பேர் எப்படிப் படுப்பது என்ற கேள்வி இயல்பாக எழும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் வளைவும் இல்லை, பிரேக்கும் இல்லை, பள்ளமும் இல்லை; சுமை நேராகக் கீழ்நோக்கித் தூண்கள் வழியாக இறங்குகிறது. அதனால் நிற்கும்போது தாங்கும் எடை, ஓடும்போது தாங்கும் எடையைப் போலப் பல மடங்கு இருக்கும். கார்க் கூரைகள் எவ்வளவு உறுதியானவை என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம்: அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு திருத்தப்பட்ட கூரை வலிமை விதி, இலகுரக வண்டிகளின் கூரை அந்த வண்டியின் வெற்று எடையைப்போல் 3 மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்கிறது. ஆனால் வண்டி கவிழும்போது பயணிகளைக் காக்க ஏற்பட்ட விதி அது. குறுக்குக் கம்பியின் கால்கள் பதியும் சிறு இடம் எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்வதில்லை. ஆகவே, நிற்கும்போதைய வரம்பை வண்டித் தயாரிப்பாளரிடமும் கம்பித் தயாரிப்பாளரிடமும் எழுத்தில் கேட்டுப் பெறுவதே முறை. சில தயாரிப்பாளர்கள் அதைக் கையேட்டிலேயே தருகிறார்கள், பலர் தருவதில்லை. கணக்கு கடினமானதன்று. என் பழைய கூடாரத்தில் கூடாரமும் கம்பிகளும் 82 கிலோ, நாங்கள் இருவர் 135 கிலோ, போர்வை தலையணை 8 கிலோ. மொத்தம் 225 கிலோ. இந்த எண்ணை எழுதி, இது தாங்குமா என்று நேரடியாகக் கேட்கலாம்.

சிறிய கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து மனம் தளர வேண்டியதில்லை. கூரைக் கூடாரங்கள் 1950களின் பிற்பகுதியிலேயே இத்தாலியில் சாதாரணக் குடும்பக் கார்களுக்காகச் செய்யப்பட்டவை. 1970களில் கிழக்கு ஜெர்மனியில், ஏறத்தாழ 600 கிலோ மட்டுமே எடையுள்ள டிராபன்ட் காரின்மேலும் மக்கள் கூடாரம் ஏற்றிக் குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்றிருக்கிறார்கள். வண்டிக்கு ஏற்ற எடையில் கூடாரம் செய்ய முடியும் என்பதற்கு அதுவே போதிய சான்று. இன்றும் 40 முதல் 50 கிலோவுக்குள் இருவருக்கான நல்ல கூடாரங்கள் கிடைக்கின்றன. நான் இப்போது பயன்படுத்துவது, ஏணி மெத்தை எல்லாம் சேர்த்து 46 கிலோ. பழையதைவிட இடம் குறைவுதான். ஆனால் வளைவுகளில் என் கார் மறுபடியும் என் காராகிவிட்டது.

எடைக் கணக்கு முடிந்த பிறகே கூடாரத்தின் வகையைப் பற்றி யோசிக்க வேண்டும். பொதுவாக இரண்டு வகைகள். ஒன்று, சாஃப்ட் ஷெல் எனப்படும் துணி உறை வகை: இரண்டாக மடிந்திருக்கும் தளத்தைப் பிரித்தால் ஒரு பாதி கூரைமேலும் மறுபாதி காருக்கு வெளியே ஏணியின்மேலும் நிற்கும். மற்றொன்று, ஹார்டு ஷெல் எனப்படும் கெட்டி மூடி வகை: கொக்கிகளை விடுவித்ததும் வாயு நிரம்பிய தண்டுகள் மூடியைத் தூக்க, கூடாரம் ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும். ஒருபுறம் மட்டும் சரிவாகத் திறப்பதும் உண்டு, நான்கு பக்கமும் நேராக எழுவதும் உண்டு. முதல் வகைக்கு விலையும் எடையும் ஒப்பீட்டளவில் குறைவு. மடித்த அளவைப்போல் இரு மடங்கு படுக்கைப் பரப்பு கிடைக்கும். ஏணிப் பக்கத்துக்குக் கீழே நிழலும் கிடைக்கும். ஆனால் உறையைக் கழற்றி, ஏணியை இழுத்துத் தளத்தைச் சாய்த்து, சன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகி முடிக்கப் பழகியவருக்கே 5 முதல் 10 நிமிடங்கள் ஆகும். விரிப்பதைவிட மடிப்பதே பெரும்பாடு. மழையில் நனைந்து கனத்த துணியை, காரின் படியில் ஏறி நின்று, எட்டாத மூலையை இழுத்து உள்ளே திணித்து, உறையின் ஜிப்பை மூடும் வேலையை யாரும் விளம்பரப் படத்தில் காட்டுவதில்லை.

கெட்டி மூடி வகையில் இந்தச் சிரமம் குறைவு. போர்வையை உள்ளேயே வைத்து மூடிவிடவும் முடியும். அதற்கு ஈடாக எடை கூடுகிறது. 60 முதல் 90 கிலோ வரை உள்ளவையே மிகுதி. படுக்கைப் பரப்பும் மூடியின் அளவைத் தாண்டாது. சரிவாகத் திறப்பதில் கால்மாட்டில் உயரம் குறைவு என்பதால், உட்கார்ந்து உடை மாற்ற தலைமாட்டுப் பக்கம் ஒன்றுதான் உதவும். தூக்கும் தண்டுகள் காலப்போக்கில் வலுவிழப்பவை. மாற்றுத் தண்டு கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவைப்பது நல்லது. என் தனிப்பட்ட கருத்தைச் சொன்னால், ஒவ்வோர் இரவும் வேறோர் இடத்தில் தங்குபவர்களுக்குக் கெட்டி மூடியும், ஓரிடத்தில் மூன்று நான்கு நாள் தங்கும் குடும்பத்துக்குத் துணி உறையும் பொருந்தும். கூரை வரம்பு 75 கிலோவாக இருந்தால், கெட்டி மூடி வகையில் பெரும்பாலானவை பட்டியலிலிருந்தே விலகிவிடும்.

எத்தனை பேருக்கான கூடாரம் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். 140 செ.மீ. அகலமுள்ள கூடாரத்தை மூவருக்கானது என்று விற்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 47 செ.மீ.கூட முழுதாக வராது. தோள் அகலத்துக்கே அது சரியாகிவிடும்; புரண்டு படுக்க இடமில்லை. இரண்டு பெரியவர்களுக்கு 130 முதல் 140 செ.மீ. என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். குழந்தைகள் உடன் வந்தால், எல்லோரையும் கூரையில் ஏற்றும் பெரிய கூடாரத்தைத் தேடுவதைவிட, மேலே ஒரு சிறிய கூடாரமும் கீழே தரையில் ஒரு சாதாரணக் கூடாரமும் வைத்துக்கொள்வது எடைக்கும் பணத்துக்கும் நல்லது.

துணியைப் பற்றி விற்பனையாளர்கள் நிறையப் பேசுவார்கள். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த கேன்வாஸ், கனமானது. காற்றைச் சற்று ஊடுருவ விடும். வெயிலையும் ஒலியையும் ஓரளவு மட்டுப்படுத்தும். ஆனால் நனைந்தால் உலர நேரமாகும், உலராமல் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சு ஏற்றிய பாலியஸ்டர் இலேசானது, விரைவில் உலரும்; ஆனால் உள்ளே ஈரம் தங்கும். மழை தாங்கும் திறனை மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள். துணியின்மேல் எவ்வளவு உயரத்துக்கு நீர்நிரல் நின்றால் ஒழுகத் தொடங்கும் என்பதே அந்த எண். மேற்கூரைத் துணிக்கு 2,000 மி.மீ. இருந்தால் பெரும்பாலான மழைக்குப் போதும். அந்த எண்ணைவிட, தையல்களின்மேல் நாடா ஒட்டி அடைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்ப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் ஊசித் துளைகள் வழியாகத்தான். புதிய கேன்வாஸ் கூடாரம் என்றால், முதல் பயணத்துக்கு முன் வீட்டிலேயே விரித்து, நன்றாகத் தண்ணீர் பீய்ச்சி நனைத்து, முழுமையாக உலரவிட வேண்டும்; இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் தையல் நூலின் பருத்தி உப்பி, துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். இதை அறியாதவர்கள் முதல் மழையிலேயே கூடாரம் ஒழுகுகிறது என்று மனம் நொந்துபோகிறார்கள்.

வெளியே பெய்யும் மழையைவிட அதிகத் தொல்லை தருவது உள்ளே நாமே உண்டாக்கும் ஈரம். ஓர் இரவில் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஏறக்குறைய கால் லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். இருவர் என்றால் அரை லிட்டர். குளிர்ந்த இரவில் அது துணியின் உட்புறத்திலும், குறிப்பாக மெத்தைக்கு அடியில் குளிர்ந்து கிடக்கும் உலோகத் தளத்திலும் நீர்த்துளிகளாகப் படிகிறது. எதிரெதிர்ச் சன்னல்கள் மழையிலும் சிறிது திறந்திருக்கும்படி மேல்துணி நீண்டு மறைக்கிறதா, மெத்தைக்கு அடியில் காற்றோட்டம் தரும் கண்ணி விரிப்பு இருக்கிறதா, அல்லது தனியாக வாங்கிப் போட இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயணம் முடிந்து வீடு திரும்பிய அடுத்த நாளே கூடாரத்தை விரித்து உலர்த்த இடம் உண்டா என்பதும் வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அடுக்குமாடிக் குடியிருப்பில் நெருக்கமான நிறுத்துமிடம் மட்டுமே உள்ளவர்களுக்கு இது எளிதன்று.

ஏணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பேச விரும்புகிறேன். இரவில் ஒரு முறையாவது கீழே இறங்க வேண்டியிருக்கும். தூக்கக் கலக்கத்தில், இருட்டில், பனி படிந்த படிகளில், பின்புறமாகத் திரும்பி இரண்டு மீட்டர் இறங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் உண்மையிலேயே ஆபத்தானது. கடையில் கூடாரத்தைப் பார்க்கும்போது ஒரு முறை ஏறிப் பார்த்தால் போதாது; உடன் பயணிக்கப் போகும் ஒவ்வொருவரும் நான்கைந்து முறை ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். படிகள் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கின்றனவா, வெறுங்காலில் நின்றால் வலிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு மீட்டர் உயரத்துக்கு அடிப்பகுதி அரை மீட்டர் வெளியே தள்ளி நிற்கும் சாய்வே ஏணிக்குப் பாதுகாப்பானது. உயரமான வண்டிக்கு ஏணி எட்டாமல் செங்குத்தாக நின்றால், நீட்டிப்பு கேட்டு வாங்க வேண்டும். மடிப்புக் கூடாரங்களில் ஏணி வெறும் படிக்கட்டாக மட்டுமில்லாமல் தளத்தின் பாதியைத் தாங்கும் தூணாகவும் இருப்பதால், மண் இளகிய இடத்தில் அதன் கால்களுக்கு அடியில் ஒரு பலகை வைப்பது கட்டாயம்.

முதன்முதலாக வாங்குபவர்கள் எல்லோரும், நானும் உட்பட, யோசிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. கூடாரம் விரிந்திருக்கும்வரை கார் நகராது. காலையில் பால் வாங்கவோ, மாலையில் மலைமேல் சூரியன் மறைவதைப் பார்க்கவோ காரை எடுக்க வேண்டுமென்றால், படுக்கையறை முழுவதையும் மடித்தாக வேண்டும். இரவில் யாருக்காவது உடல்நலம் குன்றினாலும் அப்படித்தான். தரைக் கூடாரத்தில் இந்தத் தடை இல்லை. சேறும் கல்லும் சரிவும் உள்ள இடங்களில், தரையிலிருந்து உயர்ந்து, மெத்தைமேல், காற்றோட்டமாகத் தூங்கும் சுகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் சுகத்துக்காகவே நான் இன்னமும் கூரைக் கூடாரத்தை வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் பயணங்கள் ஓரிடத்தில் முகாமிட்டுச் சுற்றிப் பார்க்கும் வகையா, நாள்தோறும் நகர்ந்துகொண்டே இருக்கும் வகையா என்பதற்கு விடை தெரியாமல் இவ்வளவு பணத்தைச் செலவிடக் கூடாது.

பொருத்துவது தொடர்பாகச் சுருக்கமாகச் சிலவற்றைச் சொல்கிறேன். இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கு இடையே குறைந்தது இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கூடாரத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். 70 முதல் 80 செ.மீ. என்பது பரவலான அளவு. கூரை நீளம் குறைந்த கார்களில் அந்த இடைவெளியே கிடைக்காமல் போகலாம். பக்கத் தண்டவாளம் இல்லாத வழுக்கைக் கூரைக்கும், கண்ணாடிக் கூரைக்கும், கம்பி பொருத்தலாமா என்பதை வண்டியின் கையேட்டில் உறுதிசெய்துகொண்ட பிறகே மேற்கொண்டு யோசிக்க வேண்டும். தானே பூட்டிக்கொள்ளும் நட்டுகளைப் பயன்படுத்த வேண்டும். பொருத்திய பிறகு முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் மறுபடி சோதிக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பயணத்தின் காலையிலும் கூடாரத்தைக் கையால் உலுக்கிப் பார்க்க வேண்டும். கூடாரம் தனியாகக் கழன்று நகர்ந்தால் அது ஒரு சிக்கல். கூடாரமும் கம்பியும் சேர்ந்து கூரைமேல் நகர்ந்தால் அது இன்னொரு சிக்கல். எது அசைகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்றவும் இறக்கவும் குறைந்தது இரண்டு வலுவான ஆள்கள் தேவை. அந்தத் துணை கிடைக்காதவர்கள் ஆண்டு முழுவதும் கூடாரத்தைக் கூரையிலேயே விட்டுவிடுகிறார்கள். வெயிலில் உறை வெளுத்துக் கிழிவதும், எரிபொருள் வீணாவதும் அதன் பலன்.

எரிபொருளைப் பொறுத்தவரை, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது; மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்பவர் 90க்கு ஏறினால் எதிர்ப்பு 2.25 மடங்காகிறது. கூரைமேல் பெரிய சரக்குப் பெட்டி வைத்த கார்கள் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 விழுக்காடு வரை எரிபொருள் சிக்கனத்தை இழப்பதாக அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி குறிப்பிடுகிறது. கூடாரமும் ஏறத்தாழ அத்தகைய பெட்டிதான். பக்கக் காற்று வீசும் பாலங்களிலும், பெரிய லாரிகளைக் கடக்கும்போதும் கார் தள்ளாடுவதை உணர முடியும். 150 செ.மீ. உயரக் கார், கம்பியும் மடித்த கூடாரமும் சேர்ந்தால் 195 செ.மீ.யைத் தொட்டுவிடும்; மூடிய வாகன நிறுத்துமிடங்கள் பலவற்றின் உயர வரம்பு 2 மீட்டர் அளவிலேயே இருக்கிறது. புதிய மொத்த உயரத்தை அளந்து, ஒரு சீட்டில் எழுதி, ஓட்டுநரின் கண்ணுக்குப் படும்படி ஒட்டிவைக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

உயிர் தொடர்பான சிலவற்றை இங்கே சொல்லாமல் விட முடியாது. கூடாரத்துக்குள் அடுப்போ, எரிவாயு விளக்கோ, கரி நெருப்போ எந்தக் குளிரிலும் கூடாது. தீ மட்டுமன்று, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவும் கொல்லும். காரின் எஞ்சினை ஓடவிட்டு மேலே தூங்குவதும் அதே காரணத்தால் கூடாது. இடி மின்னல் தொடங்கினால் கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, காருக்குள் அமர்ந்து கதவுகளை மூடிக்கொள்ள வேண்டும். காரின் உலோக உடல் தரும் பாதுகாப்பைக் கூரைமேல் நிற்கும் துணி தராது. பெருங்காற்று வீசினாலும் இறங்கிவிடுவதே சரி. பட்ட கிளைகள் உள்ள மரத்தடியில் காரை நிறுத்தக் கூடாது. சமதளமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே ஏணியை இறக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கலாமா வேண்டாமா என்று தயங்குபவர்கள், முடிந்தால் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்தோ, வைத்திருப்பவரிடம் ஓர் இரவு கேட்டோ தங்கிப் பார்க்கலாம். அந்த ஓர் இரவில் ஏணியும் ஈரமும் மடிக்கும் வேலையும் தாமாகவே பேசிவிடும். பழைய கூடாரத்தை வாங்குவதிலும் தவறில்லை. ஆனால் முழுதாக விரிக்கச் சொல்லி, முகர்ந்து பார்த்து, மெத்தையைத் தூக்கி அடியில் பூஞ்சணம் உண்டா என்று பார்த்து, கீல்களையும் ஜிப்புகளையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

இறுதியாக இரண்டு வேண்டுகோள்கள். கூடாரங்களைச் செய்பவர்களும் விற்பவர்களும், ஏணி, மெத்தை, உறை, பொருத்தும் சட்டங்கள் அனைத்தும் சேர்ந்த முழு எடையை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். விற்பதற்கு முன் வாங்குபவரின் கார் எது, அதன் கூரை வரம்பு எவ்வளவு என்று கேட்க வேண்டும். கார்த் தயாரிப்பாளர்கள், ஓடும்போதும் நிற்கும்போதும் கூரை தாங்கும் எடைகளை இரண்டு தனித்தனி எண்களாகக் கையேட்டில் தர வேண்டும். தங்கள் நாளிதழிடமும் ஓர் உதவி கேட்கிறேன்: இனி இத்தகைய பயணங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, படத்தில் உள்ள கூடாரத்தின் முழு எடையையும் அதைச் சுமக்கும் காரின் கூரை வரம்பையும் படக்குறிப்பில் ஒரே வரியில் சேர்த்து அச்சிட்டால், என்னைப்போல் படத்தைப் பார்த்து வாங்கக் கிளம்புபவர்கள் முதலில் தங்கள் காரின் கையேட்டைத் தேடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்